இருபது கழித்து எழுதியது

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி, புது வருஷத்துக்குக் கடைக்காரர்களுக்குக் கொடுத்ததில் மிஞ்சியது. அட்டையில் ஒட்டகம் படம் போட்டு ‘ஒட்டக மார்க் கடலைமிட்டாய், கோவில்பட்டி’ என்று இருக்கும். கடலைமிட்டாய்க்கும் ஒட்டகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கல்யாணமான புதிதில் மாமனாரிடம் கேட்டேன். அவருடைய அப்பா ஒரு பொருட்காட்சியில் ஒட்டகத்தைப் பார்த்தாராம். அவ்வளவுதான் சம்பந்தம்.

எழுத ஆரம்பித்ததற்குக் காரணம், எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. கடலைமிட்டாய் கம்பெனி மருமகளுக்குச் சர்க்கரை! மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம், கீழே பட்டறை. காலை ஏழு மணிக்கு வெல்லப்பாகு கொதிக்கிற வாசம் படியேறி வந்து என் தலையணையில் உட்கார்ந்துகொள்ளும். இந்த வீட்டில் இருந்துகொண்டு நான் இனிப்பைத் தொடக் கூடாதாம்.

இது இருபத்தாறாவது வாரம். டாக்டர் மெர்லின் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார். 168. நூற்று நாற்பதுக்குள் இருந்திருக்க வேண்டுமாம்.

“கர்ப்பத்துல வர்ற சர்க்கரை. பிரசவம் ஆனதும் பெரும்பாலும் போயிரும். ஆனா அதுவரைக்கும் ஒழுங்கா இருக்கணும். இல்லேன்னா பிள்ளை அளவுக்கு மேல பெருத்துரும். பிறந்ததும் அதுக்குச் சர்க்கரை சட்டுனு இறங்கிரும். விளையாட்டுக் காரியம் இல்ல.”

அவருக்கு ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரல். கேட்டாலே பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கத் தோன்றும்.

விரலைக் குத்திப் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்க வேண்டும். நாளைக்கு நான்கு தடவை. வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள். இறங்காவிட்டால் இன்சுலின் ஊசியாம். அதை எழுத ஒரு நீல நோட்டும் கொடுத்தார். “சரி மேடம்” என்றேன். போன வருஷமும் அதே நாற்காலியில் உட்கார்ந்து “சரி மேடம்” என்றுதான் சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஊசி ஒரு பேனாவுக்குள் இருக்கிறது. தலையில் ஒன்று முதல் ஐந்து வரை திருகு. தோல் தடிமனாக இருந்தால் பெரிய எண், மெல்லியதாக இருந்தால் சின்ன எண். எனக்கு இரண்டு போதும். முதல் தடவை குத்திக்கொள்ள நாற்பது நிமிஷம் ஆனது. என் கணவர் மாரீஸ்வரன் தைரியம் சொல்ல வந்தவர், ரத்தத்தைப் பார்த்ததும் கட்டிலில் படுத்துக்கொண்டார். அவருக்கு நான் விசிற வேண்டியதாயிற்று.

மெஷின் இன்றைக்கு ஜனவரி ஒன்று என்று காட்டுகிறது. “தேதிய அப்புறம் சரி பண்ணுதேன்” என்று படுத்தபடியே சொன்னார். எங்கள் வீட்டுக் கடிகாரம் மூன்று வருஷமாக இருபது நிமிஷம் வேகமாக ஓடுகிறது. அதையும் அப்புறம்தான் சரி பண்ணப்போகிறார்.

என் மாமியார் குருவம்மாள் அத்தை தன் சொந்த வைத்தியத்தை அறிவித்தார். “ஒரு இனிப்புக்கு ரெண்டு பாகக்காய். சரியாப் போயிரும்.” நான் ஆறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இப்படி ஒரு சமன்பாட்டை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

ஜூன் 11, புதன்

காலை 99. மதியம் 131. பாகற்காய்.

ஜூன் 12, வியாழன்

காலை 101. மதியம் 136. இரவு 129. பாகற்காய், பாகற்காய், பாகற்காய்.

ஜூன் 13, வெள்ளி

மாமாவைப் பற்றி எழுத வேண்டும். என் மாமனார். பெயர் தவசிலிங்கம், வயது அறுபத்து மூன்று. பாகு பதம் பார்ப்பதில் ஊரில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கொதிக்கிற பாகிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, விரலால் உருட்டி, தட்டில் போடுவார். டிங் என்று சத்தம் வந்தால் பதம். பிறகு அந்த உருண்டையை வாயில் போட்டுக்கொள்வார். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இது நடக்கும். “நாப்பது வருசமா பாகுலயே நிக்கேன். எனக்குச் சுகர் வந்துச்சா? அதெல்லாம் ஏசி ரூம்ல ஒக்காந்து வேலை பாக்கவனுக்கு வாரது” என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

என்மேல் அவருக்கு உயிர். அதனால்தான் சங்கடம். எனக்குச் சர்க்கரை என்று கேட்டதும், “கருப்பட்டி சாப்பிடு தாயி, கருப்பட்டி சர்க்கரையில சேராது” என்றார். தேனும் சேராதாம். மாம்பழமும் சேராதாம், அது மரத்தில் காய்க்கிறதாம். அவர் சொல்கிறபடி பார்த்தால் உலகத்தில் சர்க்கரை என்பதே அரசாங்கம் ரேஷனில் கொடுப்பது மட்டும்தான்.

இன்று காலையில் காபி குடிக்கும்போது திடீரென்று தீர்ப்புச் சொன்னார்.

“அந்த மெசினு பொய் சொல்லுது தாயி.”

“எப்படி மாமா சொல்றீங்க?”

“தெரியும்னா தெரியும். கூட்டிக் கூட்டிக் காட்டுது. அத நம்பி நீ பட்டினி கெடக்காத.”

அவ்வளவு உறுதியாக அவர் வேறு எதையும் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லிவிட்டு, இடது கை நடுவிரலைச் சப்பிக்கொண்டே பட்டறைக்கு இறங்கினார். பாகு சுட்டிருக்கும்.

ஜூன் 14, சனி

யோசித்துப் பார்த்தால் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜூன் மாதத்தை ஜனவரி என்று சொல்கிற மெஷினுக்கு என் ரத்தத்தைப் பற்றி மட்டும் சரியாகத் தெரியுமா? கூட்டித்தான் காட்டும். எவ்வளவு கூட்டும்? எங்கள் வீட்டுக் கடிகாரம் இருபது கூட்டுகிறது. மெஷினும் இருபது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே டாக்டரின் நீல நோட்டில் இனி இருபது கழித்து எழுதுவேன். இது பொய் அல்ல, திருத்தம். தோராயமாக்குதல் ஆறாம் வகுப்புப் பாடத்திலேயே வருகிறது. உள்ளபடி இருக்கும் எண்ணை ஒட்டக டைரியில் எழுதிவிடுகிறேன், மனசாட்சிக்கு.

மதியம் 138. நீல நோட்டில் 118. பார்ப்பதற்கே எவ்வளவு அழகாக இருக்கிறது!

ஜூன் 17, செவ்வாய்

ஐயோ அம்மா! இன்று பேனா விரலுக்குள் ஆழ்துளைக் கிணறு தோண்டிவிட்டது. திருகைப் பார்த்தால் ஐந்தில் நிற்கிறது. நேற்று இரவு நான் இரண்டில்தான் வைத்தேன். மாரீஸிடம் கேட்டேன். “நான் அந்தப் பக்கமே போகலம்மா, எனக்கு அதப் பாத்தாலே தல சுத்துது” என்றார். அது உண்மைதான்.

ஜூன் 21, சனி

டாக்டரிடம் போனேன். மெஷினைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார். மறந்துவிட்டேன். மறப்பதற்காக அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன்.

நீல நோட்டைப் புரட்டிவிட்டு, “அருமை அனுசுயா. இப்படியே இருங்க. எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எனக்கு வேலையே இருக்காது” என்றார். ரேஷன் குரல் கொஞ்சம் இளகிக்கூட வந்தது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதி நூறு மதிப்பெண் வாங்கினவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். அவர்கள் முகம் எல்லாம் ஞாபகம் வந்தது. வருகிற வழியில் மாரீஸ் சந்தோஷத்தில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அதுவும் இனிப்புதான்.

ஜூன் 24, செவ்வாய்

கடலைமிட்டாய் ஒன்று. சின்னது, அதுவும் உடைந்தது. உடைந்ததைக் கடைக்கு அனுப்ப முடியாது, யாராவது தின்றுதான் ஆகவேண்டும். 141.

ஜூன் 28, சனி

வீட்டில் திருடன் இருக்கிறான். ரத்தத்தைத் தொட்டுவைக்கும் பட்டி ஒரு டப்பாவில் ஐம்பது வரும். எனக்குப் பன்னிரண்டு நாளாவது வர வேண்டும். இரண்டாவது டப்பா பத்தே நாளில் தீர்ந்துவிட்டது. ஊசிகளும் குறைகின்றன. திருகு மறுபடியும் ஐந்தில்.

நான் துப்பறிந்தேன். முதல் சந்தேகம் அத்தை மேல். விரலைக் காட்டச் சொன்னால், “என்ன மோதிரம் போடப்போறியா?” என்று நீட்டினார். ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்து பட்டறையில் மிட்டாய் வெட்டும் ஐந்து பெண்கள். எல்லார் விரலிலும் பாகு சுட்ட வடு இருந்தது, யாரையும் குற்றவாளி ஆக்க முடியவில்லை. மாமாவை நான் விசாரிக்கவே இல்லை. மெஷினே பொய் என்கிறவர் அதை ஏன் தொடப்போகிறார்?

தவிர, அவரும் பாவம், வளைகாப்பு வேலையாக அலைகிறார். வருகிற ஞாயிறு ஏழாம் மாத வளைகாப்பு. அலைச்சலில் இளைத்துவிட்டார். வேட்டி இடுப்பில் நிற்காமல் பச்சை பெல்ட் வாங்கிக் கட்டியிருக்கிறார். எந்நேரமும் தாகம் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறார். நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்ரூமுக்குப் போகிறார். வெயில் அப்படி.

ஜூலை 2, புதன்

மதியம் 133. கழித்து 113. பிள்ளை இன்று பக்கவாட்டில் நன்றாக உதைத்தது. ‘கணக்கைச் சரியாப் போடு டீச்சர்’ என்கிற மாதிரி இருந்தது. இல்லை, அது சும்மா உதைதான்.

ஜூலை 5, சனி

மாரீஸ் இன்று தானாகவே மெஷினைப் பைக்குள் போட்டு எடுத்து வந்துவிட்டார். டாக்டர் அதில் ஒரு பொத்தானை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார்.

“இது எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கும். தெரியுமா?”

எனக்குத் தெரியாது. நான் கணக்கு டீச்சர், கம்ப்யூட்டர் டீச்சர் அல்ல.

அவர் வாசித்தார். “297. 104. 138. 288. 133. 310. 141.” ரேஷன் குரலில். வெளியே காத்திருந்த அத்தனை கர்ப்பிணிகளுக்கும் கேட்டிருக்கும்.

“முந்நூத்திப் பத்தா? அது நான் இல்ல மேடம். சத்தியமா இல்ல.”

“சரி. அப்ப இந்த 138? நோட்டுல 118-னு எழுதியிருக்கீங்களே, அது யாரு?”

அது நான்தானே. ஒன்று என்னுடையது, மற்றது என்னுடையது அல்ல என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர் நீல நோட்டை மூடினார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகப் பேசினார். இந்த அளவுக்கு ஏறினால் பிள்ளைக்கு ஆபத்து, இனி காத்திருக்க முடியாது, திங்கட்கிழமை காலை வந்து அட்மிட் ஆகிவிட வேண்டும், அன்றைக்கே இன்சுலின் ஆரம்பம், தேவைப்பட்டால் பிள்ளையைச் சீக்கிரமே எடுக்க வேண்டியிருக்கும்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மாரீஸ், “எவ்வளவு தின்ன அனு?” என்று மட்டும் கேட்டார். நான் அழுதேன். அதை அவர் பதில் என்று எடுத்துக்கொண்டார்.

போன வருஷம் பத்தாவது வாரத்தில் எங்கள் பிள்ளை போனபோது, “இதுக்கு யாரும் காரணம் இல்லம்மா” என்று இதே டாக்டர்தான் என் கையைப் பிடித்துச் சொன்னார். இந்தத் தடவை ஏதாவது ஆனால் காரணம் நான் என்று நீல நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

யாரிடமும் சொல்ல வேண்டாம், நாளை வளைகாப்பு முடியட்டும் என்று தீர்மானித்திருக்கிறோம்.

ஜூலை 6, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுத எழுத வளையல் சத்தம் போடுகிறது. இரண்டு கையிலும் சேர்த்து நாற்பத்தேழு கண்ணாடி வளையல்.

காலையில் மணையில் உட்கார வைத்து, சந்தனம் பூசி, வளையல் அடுக்கினார்கள். ஏழு வகைச் சாதம். ஆளாளுக்கு என் வாயில் இனிப்பைத் திணிக்க வந்தார்கள். நான் எல்லாவற்றையும் கன்னத்தில் அடக்கி அடக்கி, முந்தானைக்குள் துப்பினேன். கொஞ்ச நேரத்தில் என் முந்தானை ஒரு லட்டுக் கடை.

காலைச் சாப்பாடு ஆகி இரண்டு மணி நேரம் முடிந்ததும், கூட்டத்துக்கு நடுவிலேயே மெஷினை எடுத்தேன். இனி ஒரு தடவைகூடத் தவறவிடக் கூடாது என்று பயம். 116 வந்தது. கழிக்கவில்லை. சாத்தூரிலிருந்து வந்த சின்ன அத்தை எட்டிப் பார்த்தார். அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை.

“எனக்கும் ஒரு குத்து குத்தேன் அனு. நேத்து ஆஸ்பத்திரியில நூத்தித் தொண்ணூறுன்னான். ஒன் மெசினு என்ன சொல்லுதுன்னு பாப்போம்.”

ஊசி மாற்றிக் குத்தினேன். 193. அவ்வளவுதான், எனக்கும் எனக்கும் என்று வரிசை சேர்ந்துவிட்டது. சந்தனக் கும்பாவை வைத்த இடத்தில் மெஷின். ஆளுக்கொரு புது ஊசி, எல்லாருக்கும் திருகு இரண்டில். எண் குறைவாக வந்தவர்கள் சிரித்துக்கொண்டே நேராக லட்டுப் பக்கம் போனார்கள். அத்தைக்கு 109. “பாகக்காய்!” என்று சபையைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மாரீஸ்கூடக் கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டிவிட்டார். 102.

“மாமாவக் கூப்பிடுங்க!” என்று யாரோ கத்தினார்கள்.

மாமா பந்திப் பக்கம் நழுவப் பார்த்தார். “எனக்கெதுக்கு? நாப்பது வருசமா பாகுல நிக்கேன். மெசினே பொய்யின்னு…” மாரீஸ் விளையாட்டாக அவரை இழுத்துவந்து உட்கார வைத்தார்.

இரண்டில் வைத்து அமுக்கினேன். ரத்தம் வரவில்லை. பாகு உருட்டி உருட்டி அவர் விரல் நுனி காய்த்துப் போயிருக்கிறது. மூன்றில் வைத்தேன். வரவில்லை. நான்கு. ஒரு பொட்டுக்கூட இல்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. “நாலுல எல்லாம் வராது தாயி. அஞ்சுல வை” என்றார்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அவரும் நாக்கைக் கடித்துக்கொண்டார். மெஷினே பொய் என்கிற மனிதருக்கு ஐந்தாம் நம்பர் எப்படித் தெரியும்?

ஐந்தில் வைத்தேன். உடனே வந்தது. 304.

“பாத்தியா? அதான் சொன்னேன், பொய் சொல்லுதுன்னு” என்றார் மாமா. சொன்னாரே தவிரச் சத்தம் எழும்பவில்லை. சின்ன அத்தைக்கு ஆஸ்பத்திரி சொன்னதையே மெஷினும் சொல்லியிருக்கிறது. சுற்றி நின்ற எல்லாருக்கும் அது புரிந்தது, அவருக்கும்தான்.

“297. 288. 310” என்றேன். “மாமா, அதெல்லாம் நீங்களா?”

மாரீஸ் என்னைப் பார்த்தார். “அப்ப அது நீ இல்லையா?”

“கொஞ்சம் நான்” என்றேன்.

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “ஒனக்குச் சுகர்னு சொன்னதும் எனக்குத் தாங்கல. மெசினு சரிதானான்னு பாக்கணும்லா? எனக்குத்தான் ஒண்ணுமே கெடையாதே. அதான் என் வெரல வச்சு சோதிச்சேன். எனக்கு நூறு காட்டுனா மெசினு சரி. அது முன்னூத்திச் சொச்சம் காட்டுச்சு. அப்ப மெசினு தப்புன்னுதான அர்த்தம்?”

“சரி, ஒரு தடவை பார்த்தீங்க. தினமும் எதுக்குப் பார்த்தீங்க?”

“இன்னைக்காச்சும் மெசினு திருந்திருக்கான்னு பாத்தேன் தாயி.”

யாருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தைக்கு மட்டும் தெரிந்தது. பன்னீர்ச் செம்பை எடுத்து அவர் மூஞ்சியிலேயே நாலு தடவை பன்னீரை விசிறி அடித்தார். “முன்னூறு! முன்னூற வச்சுக்கிட்டு பெல்ட்டு கட்டிக்கிட்டு அலைஞ்சிருக்கான் மனுசன்! என்கிட்டச் சொல்ல வாயில்ல?” பிறகு அந்தச் செம்பைக் கீழே போட்டுவிட்டு, அவர் தோளில் முகத்தை வைத்து அழுதார். மாமா நனைந்து உட்கார்ந்திருந்தார். சபை முழுக்கப் பன்னீர் மணம்.

ஊசியை ஒவ்வொரு தடவையும் மாற்றினீர்களா என்று கேட்டேன். முன்னும் பின்னும் மாற்றினாராம். “ஒம் மேல நோய் ஒட்டிறக் கூடாதுல்லா?” என்றார். திருகைத் திருப்பி வைக்கத்தான் தெரியவில்லை.

நாளை எல்லாரும் டாக்டரிடம் போகிறோம். எந்த எண் யாருடையது என்று அவர் கேட்பார். நீல நோட்டில் இருப்பது பொய். உண்மை எண்கள் இருக்கிற ஒரே இடம் இந்த ஒட்டக டைரி. இதைத்தான் கொடுத்தாக வேண்டும்.

முதல் பக்கத்தில் அவர் குரலைப் பற்றி எழுதியிருப்பதை என்ன செய்வது? கிழித்துவிடலாம் என்று கைவைத்தேன். வேண்டாம். கிழித்தால் இதையும் நம்ப மாட்டார்.

ஜூலை 7, திங்கள்

டாக்டர் முழு டைரியையும் படித்தார். கால் மணி நேரம். நானும் மாரீஸும் மாமாவும் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூட்டிவரச் சொன்ன பிள்ளைகள் மாதிரி சுவரோரம் நின்றோம். ஒட்டகத்துக்குச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். எந்த வரி என்று எனக்குத் தெரியும். “அடுத்த டோக்கன் கொஞ்சம் வெயிட் பண்ணுங்க!” என்று வெளியே பார்த்துக் கூப்பிட்டார். அதே குரல். மாரீஸ் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

மெஷினில் இருந்த எண்களை டைரியோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். என்னுடையவை எல்லாம் 99-க்கும் 141-க்கும் நடுவில். உறுதிக்கு நரம்பிலும் ரத்தம் எடுத்தார். பேனா ஒன்றுதானே என்று எனக்கும் மாமாவுக்கும் வேறு சில சோதனைகளும் எழுதினார். அட்மிஷன் வேண்டாம் என்றார்.

பிறகு மிகச் சாதாரணமாகச் சொன்னார். “இன்னைக்கு முன்னூறுனு நம்பி உங்களுக்கு ஊசி போட்டிருந்தா, சர்க்கரை இறங்கி நீங்க மயங்கி விழுந்திருப்பீங்க. பிள்ளைக்கும் அது நல்லதில்ல.” மாமா கையைக் கூப்பியவர் இறக்கவே இல்லை. அவரைச் சர்க்கரை டாக்டரிடம் அன்றைக்கே அனுப்பிவைத்தார். தனி மெஷின் வாங்கவும் சொன்னார்.

கீழே இருப்பது டாக்டரின் கையெழுத்து. கேட்காமலே அவர் எழுதியது:

அனுசுயா, உங்கள் எண்கள் கொஞ்சம் அதிகம்தான், சமாளிக்கக்கூடியவை. பயந்து கழிக்க வேண்டாம், கழித்தால் நான் உதவ முடியாது. உடைந்த மிட்டாயும் மிட்டாய்தான். ரேஷன் கடைக் குரலில் படித்துக்கொள்ளவும். - மெர்லின்

ஜூலை 15, செவ்வாய்

மதியம் எல்லாம் 120-க்குள் வந்துவிட்டது. காலை எண் மட்டும் 102-லிருந்து இறங்க மறுக்கிறது. அதனால் படுக்கப் போகும்போது நாலு யூனிட் இன்சுலின். மூன்று வாரம் எதற்குப் பயந்து பொய் எழுதினேனோ அந்த ஊசி கடைசியில் வந்தே விட்டது. போட்டுக்கொண்டேன். கொசு இதைவிட நன்றாகக் கடிக்கும். மாரீஸ் வழக்கம்போலப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 27, ஞாயிறு

வளைகாப்பு வழக்கப்படி போன வாரம் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அது ஊரின் அந்தக் கோடியில், மூன்று கிலோமீட்டர். தினமும் காலை ஆறரைக்கு மாமா நடந்தே வந்துவிடுகிறார். வாசலில் நின்றுகொண்டு, “தாயி, ஒனக்கு எவ்வளவு?” என்பார். நான் “தொண்ணூத்தி மூணு” என்பேன். “எனக்கு நூத்தி எழுவது” என்பார். யார் குறைவு என்று போட்டி. இதுவரை நான்தான் ஜெயித்திருக்கிறேன். அவருடைய டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம், அதற்காகத்தான் வருகிறாராம், என்னைப் பார்க்க இல்லையாம்.

பாகு உருண்டையை இப்போது அவர் வாயில் போடுவதில்லை. டிங் சத்தத்தோடு சரி. “பாக்கு இல்லாம வெத்தல போட்ட மாதிரி இருக்கு” என்று அத்தையிடம் புலம்பியிருக்கிறார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை 91. மாமா 142. டாக்டர் பிள்ளையின் அளவு சரியாக இருக்கிறது என்றார். சந்தோஷத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். நேற்று முன்தினம் காலை பத்து நாற்பதுக்குப் பெண் பிறந்தாள். சுகப்பிரசவம். இரண்டு கிலோ தொள்ளாயிரத்து எழுபது கிராம். அவள் அழுத சத்தத்தை டாக்டர் மெர்லின் மட்டுமே ஜெயிக்க முடியும்.

பிறந்த கொஞ்ச நேரத்தில் நர்ஸ் மெஷினோடு வந்தார். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். குதிகாலில் ஒரு சின்னக் குத்து. என் உயிர் முழுவதும் அந்தக் குதிகாலில் இருந்தது. மூன்று மாதம் நான் தின்றது, துப்பியது, கழித்தது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொட்டுதான் விடைத்தாள்.

நர்ஸ் குத்தப் போகும்போது மாமா குறுக்கே வந்தார்.

“ஒரு நிமிசம்மா. மெசினு சரியாக் காட்டுமா?”

“காட்டும் ஐயா.”

“இல்ல, புள்ள விசயம். மொதல்ல எனக்குக் குத்திப் பாத்துருங்க.” விரலை நீட்டிவிட்டார். “அஞ்சுல வைங்க.”

மாரீஸ் தலையில் கையை வைத்துக்கொண்டார். நர்ஸ் என்ன நினைத்தாரோ, தனி ஊசி எடுத்து அவருக்குக் குத்தினார். 136. மாமா மடியிலிருந்து தன் சீட்டை எடுத்துப் பார்த்தார். காலையில் வீட்டில் பார்த்தது 134.

“சரியாத்தான் காட்டுது. இப்பப் பாருங்க” என்றார். பிறகு தாங்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிள்ளை ஒரு கத்து கத்தினாள். மெஷின் ஐந்து வினாடி எடுத்துக்கொண்டது.

68. நன்றாக இருக்கிறது என்றார் நர்ஸ். அதற்குப் பிறகு பார்த்ததெல்லாமும் நன்றாகவே இருக்கிறது.

“எவ்வளவு தாயி?” என்று திரும்பாமலே கேட்டார் மாமா.

“அறுபத்தெட்டு மாமா. நீங்க தோத்துட்டீங்க.”

அவர் சிரித்தார், அழுதார், எதைச் செய்கிறோம் என்று தெரியாமல் பச்சை பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். எனக்கு எழுத வேறு ஒன்றும் இல்லை. அவளுடைய முதல் எண்ணை இங்கே போட்டு வைக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய், பகல்: 68. ஒன்றும் கழிக்கவில்லை.